ஒரு பூத்துக்கு ரெண்டரை ஓட்டு

(2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளுக்குப் பிறகு, விருதுநகர் மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சுட்டு உங்க பூத் குரூப்புக்கு அனுப்புங்க 👇)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தேர்தலும் சமூக வலைத்தளமும்’. எந்த நேரத்துல ரீல்ஸ் போட்டா நல்லா போகும், எந்த ஹேஷ்டேக் ட்ரெண்ட் ஆகும்னு கேட்கலாம்னு நிறைய பேர் வந்திருப்பீங்க. அதுக்கு மத்தியானம் தனி வகுப்பு இருக்கு. நான் இன்னைக்கு ஒரே ஒரு காகிதத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன். அந்தக் காகிதத்துக்குப் பேரு 17சி. அதைக் கையில் தொட்டுப் பார்த்தவங்க இந்த அரங்கத்துல எத்தனை பேர்? கொஞ்சம் கை தூக்குங்க.

(ஏழு பேர் கை உயர்த்தினர்.)

சரி, ஏழு பேர். இந்த ஏழை மனசுல வச்சுக்குங்க. முதல்ல கணக்கு பார்ப்போம்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டுல 39 தொகுதிக்கும் ஒரே நாள்ல வாக்குப்பதிவு. ஜூன் 4 எண்ணிக்கை. முடிவு எல்லாருக்கும் தெரியும். திமுக கூட்டணி 39க்கு 39. நமக்கு ஒண்ணு கூட இல்ல. அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நம்ம குரூப்புல எல்லாம் சத்தமே இல்ல. சில பேர் குரூப்பை விட்டே வெளியேறினாங்க. சில பேர் டி.பி.யைக் கறுப்பா மாத்தினாங்க. பூஜ்யம்ங்கிற எண் அப்படித்தான், மனுஷனை அப்படியே உட்கார வச்சிடும்.

ஆனா சீட்டுல பூஜ்யம் வந்தா ஓட்டுலயும் பூஜ்யம்னு அர்த்தம் இல்ல. ஜெயிச்ச கூட்டணி வாங்கினது நூத்துக்கு சுமார் 47 ஓட்டு. அதிமுக கூட்டணி சுமார் 23, பாஜக கூட்டணி சுமார் 18, நாம் தமிழர் 8க்குக் கொஞ்சம் மேல. நூத்துல 47 வாங்கினவங்களுக்கு 39 சீட்டு, மிச்சம் 53 பேரோட ஓட்டுக்கு ஒரு சீட்டும் கிடையாது. ஒரு தொகுதியில யார் ஒரு ஓட்டு அதிகம் வாங்குறாங்களோ அவங்களுக்கே முழு சீட்டுங்கிற முறை இது. எதிர்ல நிக்கிறவங்க மூணு துண்டா நின்னா 47ங்கிறது மலை மாதிரி தெரியும்.

இதைக் கேட்டதும் ‘அநியாயம்’னு யாரோ பின்னாடி சொல்றாங்க. அண்ணே, 2014ஐ ஞாபகப்படுத்திக்குங்க. அப்போ அதிமுக தனியா நின்னு சுமார் 44 சதவீதம் வாங்கி 37 சீட்டு எடுத்தது. கன்னியாகுமரி பாஜகவுக்கு, தருமபுரி பாமகவுக்கு. நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவா ஓட்டு வாங்கின திமுகவுக்கு ஒண்ணுமே இல்ல. அடுத்த 2019ல் என்ன ஆச்சு? அதே திமுக கூட்டணி 38. அதிமுகவுக்குத் தேனி மட்டும். 2004லயும் ஒரு பக்கமே 39 போச்சு, 2009ல் 27க்கு 12ன்னு பிரிஞ்சது. அதனால விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நமக்குச் சாதகமா வரும்போது அதைத் தீர்ப்புன்னும், பாதகமா வரும்போது அநியாயம்னும் சொல்ல முடியாது. பூஜ்யத்துல இருந்து திரும்பி வந்தவங்களும் உண்டு. எப்படி வந்தாங்கங்கிறதுதான் கேள்வி.

இப்போ நம்ம தொகுதிக்கு வருவோம். 39 தொகுதியையும் வித்தியாசப்படி அடுக்கினா ஒரு முனையில திருவள்ளூர் இருக்கு. அங்க வித்தியாசம் 5 லட்சத்து 72 ஆயிரத்துக்கு மேல. அது ஒருதலைப்பட்சமான போட்டி. இன்னொரு முனையில நிக்கிறது நம்ம விருதுநகர். காங்கிரசோட மாணிக்கம் தாகூர் 3,85,256. தேமுதிகவோட விஜய பிரபாகரன் 3,80,877. வித்தியாசம் 4,379.

ராத்திரி வரைக்கும் யாரும் தூங்கல, ஞாபகம் இருக்கா? ஒரு ரவுண்டு இவர் முன்னிலை, அடுத்த ரவுண்டு அவர் முன்னிலை. எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் அன்னைக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.

இந்த 4,379ஐ நான் வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாடு முழுக்க 68 ஆயிரத்துக்கும் மேல வாக்குச்சாவடி. 39 தொகுதிக்குப் பிரிச்சா ஒரு தொகுதிக்கு சராசரியா 1,750. 4,379ஐ 1,750ஆல வகுத்தா ரெண்டரை. ஒரு பூத்துக்கு ரெண்டரை ஓட்டு. அரை ஓட்டு போட முடியாது, அதனால மூணுன்னே வச்சுக்குங்க. மூணு ஓட்டுன்னா என்ன? ஒரு வீடு. அப்பா, அம்மா, காலேஜ் முடிச்ச பொண்ணு. ஒவ்வொரு பூத்துலயும் ஒரே ஒரு வீடு. ஒரு நாடாளுமன்றத் தொகுதி அதுலதான் முடிவாகியிருக்கு.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்க. வராத ஆளை அழைச்சுட்டு வர்றது ஒரு கணக்கு. வந்த ஆள் மனசு மாறுறது இன்னொரு கணக்கு. 2,190 பேர் மாத்திப் போட்டிருந்தா முடிவு ஒரு ஓட்டுல திரும்பியிருக்கும். ஒரு பூத்துக்கு ஒண்ணே கால் ஆள். திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைன்னு ஆறு சட்டமன்றத் தொகுதி, 15 லட்சம் வாக்காளர்கள், ரெண்டு மாவட்டம். அத்தனை பெரிய இடத்தோட பிரதிநிதியை ஒண்ணே கால் ஆள் தீர்மானிக்கலாம்னா, நாம எங்க வேலை செய்யணும்னு தனியா சொல்லணுமா?

இது இந்த ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்ல. 2019ல் சிதம்பரத்துல தொல். திருமாவளவன் ஜெயிச்சது 3,219 ஓட்டுல. அதே வருஷம் வேலூர்ல வித்தியாசம் 8,141. சட்டமன்றத்துக்கு வந்தா இன்னும் மோசம். 2021ல் தியாகராய நகர்ல வித்தியாசம் வெறும் 137. நம்ம மாவட்டத்துல ஒரு கல்யாணப் பந்தியில முதல் வரிசையே அதை விடப் பெருசா இருக்கும்.

‘ஒரு எம்.பி. போனா என்ன, பார்லிமென்ட்ல 543 பேர்ல ஒருத்தர்தானே’ன்னு சொல்ற அண்ணன்களுக்கு ஒரு தேதி சொல்றேன். 1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை விலக்கிக்கிட்ட பிறகு மக்களவையில நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு. வாஜ்பாய் அரசுக்கு ஆதரவா 269, எதிரா 270. ஒரே ஒரு எம்.பி.யோட ஓட்டுல மத்திய அரசாங்கம் கவிழ்ந்தது. நாடே திரும்பவும் தேர்தலுக்குப் போச்சு. ஒரு சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த ஒரு சீட்டு பூத்துக்கு மூணு ஓட்டு.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம் பேசணும். ஜூன் 4க்குப் பிறகு நம்ம குரூப்புகள்ல மூணு வாக்கியம்தான் சுத்துது. ‘மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க.’ ‘காசு விளையாடிருச்சு.’ ‘நம்ம ஆளுங்க பேரை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டாங்க.’ மூணையும் நான் ஒதுக்கித் தள்ளல. மூணுலயும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கு. ஆனா மூணுக்கும் நான் திருப்பிக் கேட்குறது ஒண்ணுதான். நம்ம கையில என்ன காகிதம் இருக்கு?

முதல்ல மெஷின். நான் இ.சி.இ. படிச்சவ. ஒரு சர்க்யூட்டை நம்புன்னு யாராவது சொன்னா நம்ப மாட்டேன், அளந்து காட்டுன்னுதான் சொல்வேன். அதே மாதிரி ஒரு சர்க்யூட் தப்புன்னு சொன்னாலும் அளந்து காட்டுன்னுதான் சொல்வேன். அளக்கறதுக்கு வசதி இருக்கா? இருக்கு. சட்டத்துலயே இருக்கு. நாமதான் பயன்படுத்துறது இல்ல.

காலையில வாக்குப்பதிவு தொடங்குறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். ஏஜென்ட்கள் முன்னாடி குறைஞ்சது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, வி.வி.பேட் சீட்டோட ஒப்பிட்டு, அப்புறம் ‘க்ளியர்’ பட்டனை அழுத்தி எல்லாத்தையும் அழிக்கணும். மெஷின்ல பூஜ்யம் காட்டணும். இதைப் பார்க்கணும்னா அஞ்சு, அஞ்சரை மணிக்கு நம்ம ஏஜென்ட் பூத்துல இருக்கணும். ஏழு மணிக்கு டீ குடிச்சுட்டு வர்றவர் அந்த மெஷின் எந்த எண்ல இருந்து ஆரம்பிச்சதுன்னு எப்படிச் சொல்வார்?

சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையில நிக்கிற எல்லாருக்கும் டோக்கன். கடைசியா நிக்கிறவர்ல இருந்து முன்னாடி நோக்கிக் கொடுத்துட்டு வருவாங்க, புதுசா யாரும் பின்னாடி சேரக் கூடாதுன்னு. கடைசி ஓட்டு விழுந்ததும் ‘க்ளோஸ்’ பட்டன். அதுக்கு மேல அந்த மெஷின்ல ஓட்டு ஏறாது. அப்போ வாக்குச்சாவடி தலைமை அலுவலர் ஒரு படிவத்தை நிரப்புவார். அதுதான் 17சி. அந்த பூத்துக்கு எத்தனை வாக்காளர், 17ஏ பதிவேட்டுல எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்க, மெஷின்ல மொத்தம் எத்தனை ஓட்டு, மெஷினோட எண் என்ன, சீல் எண் என்ன, எல்லாம் அதுல இருக்கும். அங்க இருக்கிற ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் அதோட நகலைக் கொடுத்து ரசீது வாங்கணும். இது யாரோ பாவப்பட்டுக் கொடுக்குற சலுகை கிடையாது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள்ல 49எஸ் விதி. நம்ம உரிமை.

நீங்க ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் பண்ணா அது முழுசா, மாறாம வந்திருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? செக்சம் ஒப்பிடுவோம்ல? அனுப்பின இடத்துல ஒரு எண், வந்த இடத்துல ஒரு எண், ரெண்டும் ஒண்ணா இருந்தா சரி. 17சிங்கிறது ஒரு பூத்தோட செக்சம். ஏப்ரல் 19 ராத்திரி மெஷின் பூத்தை விட்டுப் போகும்போது ஒரு எண். ஜூன் 4 காலையில மேசைக்கு வரும்போது ஒரு எண். நடுவுல ஒன்றரை மாசம். அந்த ஒன்றரை மாசத்துக்கு நம்ம கையில இருக்கிற ஒரே சாட்சி அந்த நகல்தான்.

இந்த ஒன்றரை மாசத்துல என்னென்ன நடந்தது? ஏப்ரல் கடைசியில நீலகிரியில மெஷின் வச்சிருந்த அறையோட கேமராக்கள் சுமார் இருபது நிமிஷம் படம் காட்டல. அதிக வெப்பத்தால வந்த கோளாறுன்னு விளக்கம் சொன்னாங்க. நம்ம குரூப்புல அது காட்டுத்தீ மாதிரி பரவுச்சு. நான் என்ன சொல்றேன்னா, கேள்வி கேட்கணும், கட்டாயம் கேட்கணும். ஆனா கேமரா நின்னுச்சுங்கிறது சந்தேகம். மெஷின் எண் மாறியிருக்கு, சீல் எண் மாறியிருக்கு, மொத்த ஓட்டு மாறியிருக்குன்னு காட்டினா அது ஆதாரம். சந்தேகத்தை ஆதாரமா மாத்துறதும், இல்ல, சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறதும், ரெண்டையும் செய்யக்கூடிய ஒரே பொருள் 17சி. அது நம்ம வீட்டு அலமாரியில இருந்தா நிம்மதியா தூங்கலாம். இல்லன்னா குரூப்புல புலம்பலாம்.

அதே மாதிரி வாக்கு சதவீதம். வாக்குப்பதிவு அன்னைக்கு சாயங்காலம் முதல்ல 72க்கு மேலன்னு சொன்னாங்க. நடுராத்திரிக்குப் பிறகு 69ன்னாங்க. கடைசியா வந்தது 69.72. ‘ரெண்டு சதவீதத்துக்கு மேல எங்க போச்சு’ன்னு ஊரே கேட்டுச்சு. சாயங்காலம் சொல்றது பூத்துல இருந்து போன்லயும் ஆப்லயும் வர்ற தோராயக் கணக்கு, கடைசியில வர்றது படிவத்தைப் பார்த்துக் கூட்டின கணக்கு, அதனாலதான் வித்தியாசம்னு பதில் வந்தது. அந்தப் பதில் சரியா தப்பான்னு நாமளே அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாமே! எப்படி? எல்லா பூத்து 17சியும் நம்ம கையில இருந்தா ஒரு எக்செல் ஷீட்ல கூட்டினா முடிஞ்சது. இன்ஜினியரிங் படிச்சவங்க இத்தனை பேர் இருக்கிற அணி நம்மளோடது. கூட்டல் தெரியாதா? கூட்டறதுக்கு எண் இல்ல. இந்த அரங்கத்துல ஏழு பேர்கிட்டதான் அது இருக்கு.

ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். வி.வி.பேட் சீட்டை நூறு சதவீதம் எண்ணணும்ங்கிற கோரிக்கையை ஏத்துக்கல. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கல்ல அஞ்சு பூத்து எண்ணுற பழைய முறை தொடருது. ஆனா ஒரு புது வழி திறந்திருக்கு. ரெண்டாவது, மூணாவது இடம் வந்த வேட்பாளர் முடிவு வந்த ஏழு நாளைக்குள்ள எழுதிக் கேட்டு, பணம் கட்டினா, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷின்களோட சிப்பைப் பொறியாளர்களை வச்சு சோதிக்கலாம். எந்த 5 சதவீதம்? அதை வேட்பாளர்தான் பூத்து எண்ணைச் சொல்லிக் கேட்கணும். எந்த பூத்துன்னு எதை வச்சுச் சொல்வீங்க? திரும்பவும் அதே காகிதத்துக்குத்தான் வர்றோம்.

ரெண்டாவது, காசு. இதைப் பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இல்ல. 2019ல் வேலூர்ல கட்டுக்கட்டா பணம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி தேர்தலையே ரத்து பண்ணாங்க. அப்புறம் ஆகஸ்ட் 5ல் தான் நடந்தது. ஆக, இது கட்டுக்கதை இல்ல. நடக்குது. ஆனா வேலூர்ல ரத்து ஆனதுக்குக் காரணம் பிடிபட்ட பணம், எண்ணி எழுதின கணக்கு. மேடைப் பேச்சு இல்ல. சி-விஜில்னு தேர்தல் ஆணையத்தோட ஆப் இருக்கு. அங்கேயே நின்னு படமோ வீடியோவோ எடுத்துப் போட்டா இடமும் நேரமும் தானா பதிவாகும், 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைன்னு கணக்கு. நம்ம பசங்க என்ன பண்றாங்க? அதே வீடியோவை எடுத்து, மேல சினிமா மியூசிக் போட்டு, ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. ரெண்டாயிரம் வியூ வருது. புகார் எண் வரல. தம்பிகளா, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல மறைஞ்சிடும். புகார் எண் மறையாது.

மூணாவது, லிஸ்ட். இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம்.

ஏப்ரல் 19 அன்னைக்கு நான் பூத்துக்கு வெளியில 200 மீட்டர் தள்ளி, நம்ம மேசையில உட்கார்ந்து சீரியல் நம்பர் பார்த்துச் சொல்லிட்டு இருந்தேன். பதினோரு மணி இருக்கும், நல்ல வெயில். ஒரு அப்பத்தா வந்தாங்க. பாலிதீன் கவர்ல மடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு, வாக்காளர் அட்டையைக் கொண்டாந்தாங்க. லிஸ்ட்ல தேடுறேன், பேர் இல்ல. பக்கத்து பாகத்துல தேடுறேன், இல்ல. மகன் வீடு மாறினப்ப அவங்களும் கூடப் போயிருக்காங்க, ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டாங்க. பழைய இடத்துல பேர் போச்சு, புது இடத்துல யாரும் சேர்க்கல. ‘அட்டை இருக்கே தாயி’ன்னாங்க. அட்டை இருந்தாலும் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் ஓட்டுன்னு சொல்றதுக்கு எனக்கு நாக்கு எழல. எல்லாம் கேட்டுட்டு அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. ‘அப்ப நான் எந்த ஊருக்காரி?’

அவங்க யாருக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நமக்கே போடாம இருந்திருக்கலாம். அது முக்கியம் இல்ல. அறுபது வருஷமா இந்த மண்ணுல வேலை செஞ்ச ஒரு பொம்பளைக்கு ‘நீ யாரு’ன்னு கேட்கிற மாதிரி ஆகிப்போச்சே, அதுதான் முக்கியம். கோயம்புத்தூர் பக்கமும் இந்தத் தடவை பேர் இல்லாம திரும்பிப் போனவங்க சத்தம் போட்டாங்க, போராட்டமே நடந்தது. ஆனா வாக்குப்பதிவு அன்னைக்குப் போடுற சத்தத்துக்குச் சட்டத்துல வழி கிடையாது. வேட்புமனுவோட கடைசி நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்னாடியே விண்ணப்பம் போயிருக்கணும். புதுசா சேர்க்கப் படிவம் 6. நீக்கணும்னா, ஆட்சேபணைன்னா படிவம் 7. வீடு மாறினாலோ திருத்தம்னாலோ படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துல நாலு தகுதித் தேதி இப்போ இருக்கு. 18 ஆகுற பசங்க அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியது இல்ல. இது நம்ம பூத்துல எத்தனை பேருக்குத் தெரியும்?

பேர் இருந்தும் வராதவங்க கணக்கு இன்னும் பெருசு. தமிழ்நாட்டுல 6.23 கோடி வாக்காளர்கள். அதுல சுமார் 1.9 கோடி பேர் வரல. தருமபுரியில 81 சதவீதம் ஓட்டு விழுந்தது. மத்திய சென்னையில 54 கூட முழுசா இல்ல. நம்ம விருதுநகர்ல சுமார் 70. அப்படின்னா நாலு லட்சத்துக்கும் மேல வீட்டுலயோ வெளியூர்லயோ இருந்துட்டாங்க. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பசங்க, பெங்களூருல ஐ.டி.யில இருக்கிற நம்ம கிளாஸ்மேட்டுகள், எல்லாம் அதுல அடக்கம். வித்தியாசம் 4,379. வராதவங்க அதை மாதிரி நூறு மடங்கு. நாம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எதிர்க்கட்சி ஐ.டி. விங் பையனோட கமெண்ட்ல சண்டை போடுறோம். அந்தப் பையன் ஜென்மத்துக்கும் நமக்கு ஓட்டுப் போட மாட்டான். பக்கத்துத் தெருவுல ஓட்டுப் போடாம இருந்த ஆளோட பேரு நமக்குத் தெரியாது.

நான் சமூக வலைத்தளம் வேண்டாம்னு சொல்ல வரல. அது ஒலிபெருக்கி. நம்ம சேதியை ஊர் பூரா கொண்டுபோகும். ஆனா ஒலிபெருக்கி ஓட்டுப் போடாது. பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோவுல எத்தனை பேர் நம்ம பாகத்துல இருக்காங்க? பாதிப் பேர் மலேசியாவுலயும் துபாய்லயும் இருப்பாங்க. ஒரு வாக்குச்சாவடியில இருக்கிறது சுமார் ஆயிரம் பேர், ஏறக்குறைய முந்நூறு நானூறு வீடு. ஒரு நாளைக்கு அஞ்சு வீடு ஏறி இறங்கினா மூணு மாசத்துல முழு பூத்தும் முடிஞ்சிடும். அல்காரிதம் மாறினாலும் அந்த வீடுகள் மாறாது.

இப்போ வேலைக்கு வருவோம். 2026ல் சட்டமன்றத் தேர்தல். அதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டியதைச் சொல்றேன், எழுதிக்குங்க.

📌 இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் இன்னைக்கே ஒரு பாகம் எண்ணை எடுத்துக்கணும். சொந்த பூத்தா இருந்தா ரொம்ப நல்லது. வாக்காளர் பட்டியலை டவுன்லோட் பண்ணி, தெரு வாரியா பிரிச்சு, வீட்டுக்குப் போகணும். இறந்தவங்க, வீடு மாறினவங்க, பேர் விட்டுப்போனவங்க, 18 ஆகப் போறவங்கன்னு நாலு பட்டியல். விட்டுப்போனவங்களுக்கு அங்கேயே உட்கார்ந்து படிவம் போட்டுக் கொடுங்க. அவங்க எந்தக் கட்சின்னு கேட்காதீங்க. எதிர்க்கட்சி வீட்டு அப்பத்தாவுக்கும் போட்டுக் கொடுங்க. அந்த வீடு மறக்காது.

📌 எந்த விண்ணப்பம் போட்டாலும் அதோட எண்ணை எழுதி வைக்கணும். ‘ஆபீஸ்ல கொடுத்துட்டேன் அண்ணே’ங்கிற பதில் இனி செல்லாது. எண், தேதி, முடிவு, மூணு கட்டம் ஷீட்ல இருக்கணும்.

📌 ஏஜென்ட் பயிற்சி இப்பவே தொடங்கணும். காலையில மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்னாடி போகணும். சாயங்காலம் 17சி வாங்காம வரக் கூடாது. நடுவுல சாப்பிடவோ அவசரத்துக்கோ போகணும்னா மாத்து ஏஜென்ட்டுக்கு விதியிலயே இடம் இருக்கு, அதுக்கும் ஆள் போடணும். பூத்துக்குள்ள செல்போன் கிடையாது. அதனால நகலை வாங்கி, வெளியில வந்து, வெளிச்சத்துல வச்சு, நாலு மூலையும் தெரியிற மாதிரி படம் எடுத்து அனுப்பணும். அசல் நகலை மடிச்சு சட்டைப் பையில வைக்காம ஃபைல்ல வைக்கணும். வேர்வையில எழுத்து அழிஞ்சா சாட்சியும் அழிஞ்சிடும்.

📌 ஐ.டி. அணி அன்னைக்கு ராத்திரி ட்வீட் போடுற வேலையை ரெண்டு பேர்கிட்ட விட்டுட்டு, மிச்சப் பேர் எல்லாம் அந்தப் படங்களைப் பார்த்து ஷீட்ல ஏத்தணும். பாகம் எண், மெஷின் எண், மொத்த ஓட்டு. எண்ணிக்கை அன்னைக்கு ஒவ்வொரு மேசையில இருக்கிற நம்ம ஏஜென்ட் கையிலயும் அந்த மேசைக்கு வர்ற பூத்துகளோட 17சி இருக்கணும். மெஷின் எண்ணும் மொத்தமும் ஒத்துப்போச்சா, கையெழுத்துப் போடுங்க. ஒத்துப்போகலையா, அங்கேயே எழுத்துல ஆட்சேபணை கொடுங்க. வெளியில வந்து மைக்ல சொல்றதுக்கு முன்னாடி உள்ள எழுதிக் கொடுங்க.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? எதுக்குமே பெரிய பணம் வேண்டாம். தலைமையில இருந்து உத்தரவு வரணும்னு காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு போன், நடக்கிறதுக்கு ரெண்டு கால். அவ்வளவுதான்.

நாம தோத்தோம். ஆனா எங்க, எத்தனை ஓட்டுல, எந்தத் தெருவுலன்னு பூத்து பூத்தாச் சொல்ல முடிஞ்சா அந்தத் தோல்வி ஒரு வரைபடம். சொல்ல முடியலன்னா அது வெறும் வருத்தம். வருத்தத்தை வச்சு அடுத்த தேர்தல் நடத்த முடியாது.

இன்னொண்ணு. ஒரு கட்சி தோத்ததுக்குப் பிறகு எப்படிப் பேசுதுங்கிறதை மக்கள் பார்த்துட்டே இருக்காங்க. ஆதாரம் இல்லாம ‘எல்லாமே திருட்டு’ன்னு நாம கத்தினா, நமக்கு ஓட்டுப் போட்ட மனுஷனே ‘அப்ப எதுக்கு நான் வரிசையில நின்னேன், அடுத்த தடவை வீட்டுலயே இருக்கலாம்’னு நினைப்பார். அவரை வீட்டுல உட்கார வச்சது எதிரி இல்ல, நாம. ஆதாரத்தோட ஒரு பூத்தைப் பத்திப் பேசினா கூட, ‘இவங்க என் ஓட்டுக்குக் காவல் இருக்காங்க’ன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை வரும். காவல் இருக்கிறவனுக்குத்தான் மக்கள் கதவைத் திறப்பாங்க.

வெளியில போறப்ப வாசல்ல ஒரு பெரிய நோட்டு வச்சிருக்காங்க. உங்க பேர், போன் நம்பர், நீங்க எடுத்துக்கிற பாகம் எண், மூணையும் எழுதிட்டுப் போங்க. மாவட்டச் செயலாளர் அண்ணன் ஞாயித்துக்கிழமை அதை எடுத்துப் பார்ப்பார். காலியா இருக்கிற பாகம் எண்ணுக்கு எல்லாம் அன்னைக்கே ஆள் தேடணும்னு சொல்லியிருக்கார். அடுத்த பயிலரங்கத்துல நான் இதே கேள்வியை வேற மாதிரி கேட்பேன். உங்க பூத்துல பேர் விட்டுப்போன எத்தனை பேரைச் சேர்த்தீங்கன்னு கேட்பேன். பதில் எண்ணாத்தான் இருக்கணும்.



#உங்க_பூத்_உங்க_பொறுப்பு #பதினேழு_சி #ஒவ்வொரு_வீடும்_முக்கியம்